வெயிலில் வெளுத்த வாசல் மரம்: நிலை, கதவு, திண்ணைத் தூண் புதுப்பித்தல்

மதுரைப் பக்கத்துத் திருமங்கலம் வட்டாரத்துப் பழைய வீடுகளில் வெயிலும் மழையும் நேராகப் படும் மரம் மூன்று இடங்களில் இருக்கும். தெருவாசலின் நிலையும் கதவும் ஒன்று. திண்ணைத் தூண்களும் அவற்றின் தலைமேல் ஓடும் உத்திரமும் இன்னொன்று. தாழ்வார ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர முனைகள் மூன்றாவது. வீட்டுக்குள் இருக்கும் மரம் எண்பது ஆண்டு கழிந்தும் எண்ணெய் மினுக்கு மாறாமல் இருக்க, இந்த மூன்றும் சாம்பல் பூத்து, கீறல் விட்டு, தொட்டால் நார் கையோடு வருகிற நிலைக்கு வந்துவிடும். மேற்குப் பார்த்த வாசலென்றால் இது இன்னும் விரைவாக நடக்கும். காலை வெயில் பனியைக் காயவைப்பதோடு நின்றுவிடுகிறது. மாலை வெயிலோ ஏற்கெனவே சூடேறிக் கிடக்கும் மரத்தின் மீது சாய்வாக விழுந்து, திண்ணையின் உட்சுவர் வரை எட்டுகிறது.

சாம்பல் நிறத்தைப் பார்த்து மரம் செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கதவையே மாற்றுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது அவசரம். செல்லுலோஸ் நார்களை லிக்னின் என்ற பசை கட்டி நிறுத்தியிருப்பதுதான் மரம். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் அந்தப் பசையைத்தான் முதலில் உடைக்கிறது. உடைந்த பசையை மழை கழுவிக்கொண்டு போக, வெளுத்த நார் மட்டும் மேலே நிற்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை பிடித்ததும் கருஞ்சாம்பலாகிறது. ஆனால் புறஊதாக் கதிர் மரத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போவதில்லை. அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கணக்குப்படி, திறந்தவெளியில் நிற்கும் ஊசியிலை மரம் நூறு ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தேய்கிறது. வைரம் பாய்ந்த கனமரங்கள் அதில் பாதியளவே தேய்கின்றன. திருமங்கலத்து வெயில் அந்த ஊர் வெயிலைவிடக் கடுமையானது என்று கூட்டிக்கொண்டாலும், ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவின் உள்மரம் பேரன் காலம் வரை அப்படியே இருக்கும்.

கெடுதல் செய்வது வெயிலைவிடத் தண்ணீர்தான், அதுவும் கீழிருந்து ஏறும் தண்ணீர். மரத்தின் நார்கள் குழாய்க் கட்டைப் போன்றவை. பக்கவாட்டில் மெல்ல நனையும் மரம், அறுத்த முனையான வெட்டுமுகத்தின் வழியே பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். தூணின் அடி, நிலைக்காலின் அடி, கதவின் கீழ்விளிம்பு ஆகியவை எல்லாமே வெட்டுமுகங்கள். நாள்தோறும் வாசல் தெளிக்கும் தண்ணீர், வெள்ளிதோறும் படியைக் கழுவும் தண்ணீர், ஐப்பசி மழையின் தெறிப்பு மூன்றும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் பழைய தச்சர்கள் தூணை நேராகத் தரையில் நிறுத்தாமல் அரையடி உயரக் கல் பீடத்தின் மேல் நிறுத்தினார்கள். புதுத் தளம் போடும்போது அந்தக் கல்லையும் சேர்த்து டைல்ஸுக்குள் புதைத்துவிட்ட வீடுகளில் என்ன பூச்சு அடித்தாலும் தூணின் அடி ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

மரத்தைச் சோதித்தல்

வேலையைத் தொடங்குமுன் மரத்தை மூன்று வகையில் பார்க்க வேண்டும். கூரான ஆணி அல்லது ஸ்க்ரூடிரைவர் முனையைத் தூணின் அடியிலும் நிலையின் மூலைகளிலும் அழுத்திப் பார்ப்பது முதல் வேலை. நல்ல மரத்தில் முனை ஒரு புள்ளி வைப்பதோடு நின்றுவிடும். கால் அங்குலம் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் அது உளுத்த மரம். அடுத்து, சுவரோடு ஒட்டும் பக்கத்தில் கரையான் மண்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையான் வெளிச்சத்தில் வேலை செய்யாது. வெளியே கதவு பளபளவென்று இருக்க, நிலையின் பின்முகம் கூடாகிப் போயிருக்கும். விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனால் ஓசை மாறும் இடத்தில் அது அகப்பட்டுவிடும். மூன்றாவது, தரையில் மாவு போல மெல்லிய தூள் கொட்டிக் கிடக்கிறதா என்பது. அப்படியிருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அதன் துளைகள் குண்டூசித் தலையளவே இருக்கும்.

என்ன மரம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வசதியுள்ள வீடுகளில் வாசல் தேக்கு. செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலத்தில் கட்டிய வீடுகளில் வைரக்கட்டை மட்டுமே பார்த்து எடுத்திருப்பார்கள். சாதாரண வீடுகளில் வேம்பும் பூவரசும் கிடைக்கும், கைமரத்துக்குப் பனை. தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பிசின் உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது, அதே காரணத்தால் பூச்சும் எளிதில் ஒட்டாது. வேம்பு வண்டுக்குக் கசக்கும் என்ற நம்பிக்கை வைரக்கட்டைக்குப் பொருந்தும். அதன் வெளிறிய வெளிமரத்தை வண்டு துளைக்கத்தான் செய்கிறது. பனை வேறு இனம். அதன் வெளிப்புறம்தான் வைரம், நடு சோறு. அதை வெளிமுகம் தேயுமளவு இழைத்தால் உறுதியான பகுதியே போய்விடும்.

கடைசியாக, மரத்தின் மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று அறிய ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை மறைவான ஓரத்தில் ஒரு நிமிடம் வைத்துத் தேய்த்துப் பார்க்கலாம். பிசுபிசுத்துக் கையோடு வந்தால் அது அரக்கைக் கரைத்து ஏற்றிய பழைய பாலிஷ். அசையாமல் இருந்தால் எண்ணெய் வார்னிஷோ பெயிண்டோ. பெயிண்ட் என்றால் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற இந்திய அரசின் விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பச்சையிலும் மஞ்சளிலும் ஈயம் இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். நெருப்பு ஊதிச் சுட்டு உரித்தால் அதைவிட மோசம். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் விழும் குழம்பைச் சுருட்டி எடுப்பது, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தச் சில நாள் அப்பக்கம் விடாதிருப்பது ஆகியவை கட்டாயம்.

காலம்

மதுரைச் சமவெளியில் இந்த வேலைக்கு ஏற்ற காலம் தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. அதில் ஊறிய மரம் மார்கழிப் பனி விலகிய பிறகே உள்ளுக்குள் காய்கிறது. மரத்தின் ஈரம் பதினைந்து சதவீதத்துக்குக் கீழ் இறங்காமல் பூச்சு அடித்தால், உள்ளே அடைபட்ட ஈரம் வெயில் பட்டதும் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தொடும். அப்போது தூரிகை இழுத்து முடிப்பதற்குள் வார்னிஷின் மேல்தோல் இறுகி, உள்ளே பச்சையாக நின்றுவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கரிசல் தூசியையும் செம்மண் தூசியையும் கொண்டுவந்து ஈரப்பூச்சில் அப்பும். ஆடிக்காற்றில் வார்னிஷ் அடித்த கதவைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலவே இருக்கும்.

நாளுக்குள்ளும் நேரம் உண்டு. பனி காய்ந்த பிறகு, வெயில் அந்த முகத்தில் விழாத பொழுதில் பூச வேண்டும். மேற்குப் பார்த்த வாசலுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. கிழக்குப் பார்த்ததற்குப் பிற்பகல்.

பழைய பூச்சை எடுத்தல்

கதவைக் கீலிலிருந்து இறக்கிவிடுவதே நல்லது. நிலையோடு நிறுத்தி வைத்து வேலை செய்தால் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கைக்கு எட்டாமலே போகும். பித்தளைக் குமிழ், வளையம், தாழ்ப்பாள் யாவற்றையும் கழற்றி, எந்த இடத்தது என்று சீட்டெழுதிக் கட்டிவைக்க வேண்டும். பழைய கதவில் ஒரு குமிழின் துளை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போதும்.

அரக்குப் பாலிஷை ஸ்பிரிட்டும் பழந்துணியும் கொண்டே எடுத்துவிடலாம். பெயிண்டுக்கும் வார்னிஷுக்கும் கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவி, தோல் சுருங்கி எழும்பியதும் மழுங்கிய தகட்டால் ரேகையோடு சுரண்ட வேண்டும். தகடு கூர்மையாக இருந்தால் மரத்தையும் சேர்த்துக் கீறும். சில இடங்களில் கூலியும் நேரமும் மிச்சம் என்று காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கழுவுவார்கள். தேக்குக்கு அது கூடவே கூடாது. மரம் கறுத்துப்போகும், நார் மயிர் போல எழும்பும், பழைய வச்சிரப் பசை கரைந்து மூட்டுகள் ஆட்டம் காணும். நன்றாகக் கழுவாத சோடா மரத்துக்குள் தங்கி, பின்னர் ஏற்றும் எண்ணெயைச் சோப்பாக்கிவிடும்.

நிலையின் மேற்சட்டத்தில் தாமரையோ கஜலட்சுமியோ செதுக்கியிருந்தால் அங்கே தகடும் உப்புத்தாளும் போகக்கூடாது. ரிமூவர் தடவி, தேங்காய் நார்த் தூரிகையும் சீவிய மூங்கில் குச்சியும் கொண்டு குழிகளிலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். ஒரு சாண் அகலச் சிற்பத்துக்கு அரைநாள் ஆகும். அதற்குப் பொறுமையில்லாதபோது சிற்பத்தைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் மின் தேய்ப்பானைக் காட்டினால் இதழ்களின் விளிம்பு ஐந்து நிமிடத்தில் மொழுக்கையாகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

கழுவுதலும் கறை நீக்கலும்

பூச்சு போன பிறகு மரத்தில் எஞ்சுவது அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, கருங்கறை. பிசுக்குக்குச் சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும். கீல், ஆணி, பூட்டைச் சுற்றியுள்ள கறுப்பு வேறு வகை: மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டான மை அது. கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து மை காய்ச்சிய காலத்து வேதியியல்தான். தேய்த்தால் போகாது. ஆக்ஸாலிக் அமிலப் பொடியை ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 முதல் 100 கிராம் என்ற அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கறை பட்ட இடத்தில் மட்டுமில்லாமல் அந்தப் பலகை முழுவதும் தடவ வேண்டும். ஒரு பகுதிக்கு மட்டும் தடவினால் அது தனித் திட்டாக வெளுத்து நிற்கும். இருபது நிமிடத்தில் கறுப்பு மறையத் தொடங்கும். பிறகு மூன்று முறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இது நச்சுப் பொருள்; கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. சரியாகக் கழுவாவிட்டால் மரத்தில் படிந்த பொடி பிறகு தேய்க்கும்போது மூக்கைப் பிடுங்கும்.

கழுவிய மரத்தை நிழலில், காற்றோட்டத்தில், குறைந்தது நான்கைந்து நாள் விட வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது மெய். அதோடு வளையவும் செய்யும்.

பழுது பார்த்தல்

மாசியில் பார்க்கும் வெடிப்பு ஐப்பசியில் இருக்காது. மரம் ஈரத்தில் விரிந்து, வறட்சியில் சுருங்கும். காய்ந்த காலத்தில் வெடிப்பைக் கெட்டியான பட்டியால் நிரப்பினால், மழைக்காலத்தில் இருபுறமும் விரியும் மரம் பட்டியைப் பிதுக்கி வெளியே தள்ளும்; அடுத்த கோடையில் வெடிப்பு முன்னைவிட அகலமாகும். மயிரிழைக் கீறல்களை எண்ணெய்க்கு விட்டுவிட வேண்டும். விரல் நுழையும் வெடிப்புக்கு அதே மரத்தில் ஆப்பு போல மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கத்தில் மட்டும் பசை தடவிச் செருக வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் மரம் வேறிடத்தில் வெடிக்கும். ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைப்பது பரவலான வழக்கம். பெயிண்டுக்கு அடியில் அது சரி. எண்ணெய் ஏற்றும் மரத்தில் அந்த இடம் மட்டும் எண்ணெயைக் குடிக்காமல் வெளிறித் தெரியும்.

உளுத்துப்போன தூணடியைச் சிமெண்டால் நிரப்பிப் பூசிவிடுவது இந்த வட்டாரத்தில் அடிக்கடி காணும் தவறு. சிமெண்ட் ஈரத்தைப் பிடித்து வைத்து மீதி மரத்துக்கு ஊட்டும். இரண்டு மழைக்குப் பிறகு சிமெண்ட் மட்டும் பூண் போல நிற்கும், உள்ளே மரம் இருக்காது. சரியான வழி ஒன்றுதான்: உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்தெறிந்து, அந்த உயரத்துக்குக் கல் பீடத்தை உயர்த்துவது அல்லது அதே இன மரத்தில் அரைக்கு அரை ஒட்டு வைத்து ஆப்பு அடிப்பது. இது வீட்டுக்காரர் கைவேலை அல்ல. கூரையின் பாரம் தூணின் மேல் இருப்பதால் தச்சரைக் கொண்டுதான் செய்ய வேண்டும்.

வண்டு இருந்தால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைத் துளைகளில் ஊட்டலாம். அது மழையில் கரைந்து போகக்கூடியது என்பதால் மேலே பூச்சு தாங்கும் இடத்துக்கே பயன்படும். கரையானுக்கு மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது வரும் வழி தரையிலும் சுவரிலும் இருப்பதால் அங்கேதான் மருந்து இறக்க வேண்டும்.

தேய்த்தல்

சாம்பல் அடுக்கு முழுவதும் போக வேண்டும். இதில் சமரசம் கிடையாது. செத்த நாரின் மேல் பூசிய எதுவும் அந்த நாரோடு உரிந்துவிடும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, சாம்பல் மறைந்து மரத்தின் நிறம் தெரிந்ததும் 120, பிறகு 150. ரேகைக்குக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் எண்ணெய் பட்டதும் அந்தக் கீறல் கோடாகத் தெரியும். மட்டக் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால் பலகை குழியாமல் இருக்கும். மிகவும் மோசமான பலகைக்கு இழைப்புளியால் ஒரு சீவல் எடுப்பது உப்புத்தாளைவிட வேகமானது, ஆனால் அதற்கு முன் ஆணித்தலைகளை உள்ளே அடித்துவிட வேண்டும்.

வெளிமரத்துக்கு எண்ணெய் ஏற்றுவதென்றால் 150-க்கு மேல் போக வேண்டியதில்லை. கண்ணாடி போல வழுவழுப்பாக்கினால் மரம் எண்ணெயைக் குறைவாகவே குடிக்கும். தேய்த்து முடித்த மரத்தை வெறுமனே விட்டுவைக்கவும் கூடாது. சில வார வெயில் பட்டாலே பூச்சு பிடிக்கும் தன்மை குறையத் தொடங்குகிறது. தேக்காக இருந்தால் பூசுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்து, கசிந்து நிற்கும் பிசினை எடுத்துவிட வேண்டும்.

எதைப் பூசுவது

பெயிண்ட் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, பளபளப்பு வேண்டுமா வேண்டாமா என்பது. கேட்க வேண்டியது வேறு: அடுத்த முறை இதைப் புதுப்பிக்க எவ்வளவு வேலை ஆகும்?

தெளிவான வார்னிஷும் பாலியூரிதேனும் மரத்தின் மேல் கண்ணாடித் தோல் போர்த்துகின்றன. புறஊதாக் கதிர் அந்தத் தோலை ஊடுருவி அடியிலுள்ள லிக்னினை உடைக்கிறது. தோல் கெடாமலே தோலுக்கும் மரத்துக்கும் இடையிலான பிடி விட்டுப்போகிறது. பிறகு ஒரு மூலையில் கீறல் விழுந்து தண்ணீர் நுழைந்ததும் பாளம் பாளமாக உரியும். வெயில் நேராகப் படும் வாசலில் தெளிவான பூச்சு ஒன்றிரண்டு ஆண்டுக்கு மேல் நிற்பது அரிது. உரிந்தபின் மேலே பூசிச் சரிக்கட்ட முடியாது; முழுவதும் சுரண்டி, மீண்டும் முதல் உப்புத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். புறஊதாவைத் தடுக்கும் பொருள் சேர்த்த வெளிப்புறப் பாலியூரிதேன் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதுவும் கெடும்போது இதே வகையில்தான் கெடும். அரக்குப் பாலிஷும் மெலமைனும் வீட்டுக்குள் இருக்கும் மேசை, ஊஞ்சல் பலகைக்கானவை. அரக்கு தண்ணீர் பட்டால் வெளுக்கும், சூட்டில் இளகும்.

எண்ணெய் தோல் போர்த்தாது. நாருக்குள் இறங்கி அங்கேயே இறுகும். கெடும்போது உரியாமல் வெளிறும். கழுவித் துடைத்து இன்னொரு கை ஏற்றினால் முடிந்தது. இறுகும் எண்ணெய் எது என்பதில்தான் குழப்பம். கதவுக்குத் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இவை மூன்றும் காற்றில் உலராத எண்ணெய்கள். பூசிய அன்று கதவு கறுத்து மின்னும், பிறகு ஆண்டு முழுவதும் பிசுபிசுத்துத் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் உண்டு என்பதற்காக மறைவிடங்களில் தடவலாம். நல்லெண்ணெய் பாதி உலரும் வகை, அதுவும் போதாது. முழுதாக இறுகுவது ஆளி விதை எண்ணெய். பெயிண்ட் கடைகளில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். விரைவாக உலரும் காய்ச்சிய வகையைத்தான் வாங்க வேண்டும். பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும்.

எண்ணெயின் குறை, அதுவும் தெளிவானது என்பதால் புறஊதாவைத் தடுக்காது. இதற்கு மருந்து நிறம். இரும்பு ஆக்சைடு கலந்த செங்காவி புறஊதாக் கதிரை விழுங்கித் தடுக்கும் பொருள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நன்றாகச் சலித்த காவிப் பொடி இரண்டு மூன்று தேக்கரண்டி கலந்தால் மரத்தின் ரேகை மறையாமல் செம்பழுப்பு ஏறும். அந்தச் சிறிய நிறமே பூச்சின் ஆயுளைக் கூட்டிவிடுகிறது. தேக்கின் நிறத்துக்கும் அது பொருந்தும். சிறு துண்டு மரத்தில் பூசிப் பார்த்து, காய்ந்தபின் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

நிறம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்பதால், வெயிலை அதிகம் தடுப்பது பெயிண்ட்தான். மரத்தைப் பெயிண்டால் மறைப்பது பாவம் என்ற எண்ணம் தேக்குக்குச் சரி. ஒட்டுப் போட்ட வேம்புக் கதவுக்கும் பட்டி பார்த்த நிலைக்கும் மர பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு என்பது குறைந்த செலவில் நீண்டநாள் நிற்கும் வழி. ஏற்கெனவே பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. எழும்பிய இடங்களை மட்டும் எடுத்து, விளிம்பைத் தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தால் போதும்.

கைமர முனைகளுக்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. கரையானும் பூஞ்சையும் அதை அண்டுவதில்லை. ஆனால் கருகருவென்று இருக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். கை படாத உயரத்துக்கு மட்டுமே உகந்தது.

ஏற்றும் முறை

முதல் கைக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. நீர்த்த எண்ணெய்தான் ஆழமாக இறங்கும். வெட்டுமுகங்களில் தொடங்க வேண்டும். கதவின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, நிலைக்காலின் அடி, கைமர முனை ஆகியவற்றுக்கு, குடிப்பது நிற்கும் வரை மீண்டும் மீண்டும் ஊட்ட வேண்டும். பிறகே முகப்பு. பதினைந்து இருபது நிமிடம் விட்டு, மேலே ஊறாமல் நிற்கும் எண்ணெயை மிச்சமில்லாமல் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பைத் தவிர்ப்பதால்தான் பல கதவுகள் மாதக்கணக்கில் ஒட்டுகின்றன. இரண்டு நாள் இடைவெளி விட்டு இரண்டாவது கை, எண்ணெய் இரு பங்கும் டர்பன்டைன் ஒரு பங்குமாக. மூன்றாவது கையும் அப்படியே. ஏழடி உயரமும் மூன்றரை அடி அகலமும் உள்ள கதவு இருபுறமும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது சதுர அடி. நிலையையும் சேர்த்து, நன்றாகக் காய்ந்த பழைய மரம் மூன்று கைக்கும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் கலவையைக் குடிக்கும்.

துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடக்கூடாது. ஆளி எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். குவியலுக்குள் அந்தச் சூடு தங்கினால் தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கிவைத்துவிட்டு, பிறகு வெளியே கொடியில் தனித்தனியாக விரித்து முழுதும் காய்ந்தபின்தான் குப்பையில் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் வீட்டையே இழக்கவைக்கக் கூடிய பிழை இது ஒன்றுதான்.

வாசற்படிக்குத் தனி விதி. மஞ்சளும் குங்குமமும் வாரந்தோறும் ஏறி, தண்ணீர் நாள்தோறும் படும் பலகை அது. அங்கே வார்னிஷ் தோல் மூன்று மாதம் தாங்காது, மஞ்சள் அதன் கீறல்களில் இறங்கி அழுக்கு மஞ்சளாகத் தேங்கும். படிக்கு எண்ணெய் மட்டும் ஏற்றி, ஆண்டுக்கு இருமுறை புதுப்பித்தால் மஞ்சள் பூசுவதற்கும் இடைஞ்சல் இல்லை. படியின் அடிப்பக்கம் தரையோடு ஒட்டியிருந்தால் தண்ணீர் தேங்காதபடி வெளிப்புறச் சரிவு இருக்கிறதா என்று பார்ப்பது பூச்சைவிட முக்கியம்.

புதிய வீடுகளின் மொட்டை மாடியில் போடும் மரப்பலகைத் தளத்துக்கும் இதே முறைதான், இரண்டு வேறுபாடுகளோடு. கால் மிதிபடும் இடமாதலால் தோல் போர்த்தும் பூச்சு எதுவும் ஆகாது. பலகைகளுக்கு இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் சந்து விட்டிருக்க வேண்டும், அந்தச் சந்தில் இலைதழை அடைத்துக்கொண்டால் மழைநீர் நின்று பலகை விளிம்பிலிருந்து உளுக்கும். பலகையைக் கழற்ற முடிந்தால் அடிமுகத்துக்கு முதலில் எண்ணெய் ஏற்ற வேண்டும்.

ஆண்டுப் பராமரிப்பு

கோயில் தேர்களை ஆண்டு முழுவதும் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தி, திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். காரணம், எந்தப் பூச்சும் நிழலுக்கு ஈடாகாது. மேற்குப் பார்த்த வாசலுக்கு மேல் இரண்டடி நீட்டிய ஓட்டுச் சாய்ப்போ, மாலையில் இறக்கிவிடும் மூங்கில் தட்டியோ மூன்று கை எண்ணெயைவிட அதிக வேலை செய்யும்.

கார்த்திகை மழை முடிந்தபின் மார்கழியில் கதவின் கீழ்ப்பாதியிலும் தூணடியிலும் சில துளி தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் மரம் குடித்துக் கறுத்தால் மறு கைக்கு நேரமாகிவிட்டது. கழுவிக் காயவைத்து, 150 நம்பர் தாளால் லேசாகத் தடவி, ஒரே ஒரு கை ஏற்றினால் போதும். அரைநாள் வேலை. பெரும்பாலான வீடுகளில் இது பொங்கல் வெள்ளையடிப்போடு சேர்ந்து வரும். அப்போது சுண்ணாம்பை முதலில் முடித்துவிட வேண்டும். புது எண்ணெயின் மேல் தெறிக்கும் சுண்ணாம்பு எண்ணெயைச் சோப்பாக்கி, தேக்கைப் புள்ளி புள்ளியாகக் கறுக்கச் செய்யும். வெள்ளையடிக்கும் நாளில் நிலைக்கும் தூணுக்கும் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டி, தெறித்த துளிகளை ஈரம் காயுமுன் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, சுவர் காய்ந்த பிறகு எண்ணெய்த் தூரிகையை எடுக்கலாம்.